கடைசித் தட்டில் என்ன இருக்கிறது

மாத முதல் வாரத்தில் மளிகைக் கடையில் கேட்கும் குரல் வேறு, கடைசி வாரத்தில் கேட்கும் குரல் வேறு. சம்பளம் வந்த கையோடு நிற்பவர், "துவரம்பருப்பு ரெண்டு கிலோ, உளுந்து ஒரு கிலோ, எண்ணெய் ரெண்டு லிட்டர்" என்று அளவைச் சொல்லிக் கேட்கிறார். இருபதாம் தேதி தாண்டியதும் அதே கடை வாசலில் அதே ஆள், "அண்ணாச்சி, இருபது ரூவாய்க்குப் பருப்பு குடுங்க, பத்து ரூவாய்க்குப் புளி, அஞ்சு ரூவாய்க்கு மிளகாய்" என்று பணத்தைச் சொல்லிக் கேட்கிறார். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கும் வீடுகளில் மாதம் முப்பது நாளும் இந்த இரண்டாவது குரல்தான்.

அளவைச் சொல்லிக் கேட்பவருக்கு விலை ஏறியது கல்லாவின் முன்னால் தெரிந்துவிடும். முணுமுணுப்பார், பேரம் பேசுவார், பிறகு கூடுதலாக நூறு ரூபாயை எடுத்து நீட்டுவார். பணத்தைச் சொல்லிக் கேட்பவருக்கு அது தெரிவது வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரிக்கும்போது. இருபது ரூபாய் இருபது ரூபாயாகவே இருக்கும்; உள்ளே இருக்கும் பருப்பு குறைந்திருக்கும். சந்தையில் கோணி விரித்துக் கூறு கட்டி விற்கும் பெண்களும் இந்தக் கணக்கில்தான் விற்கிறார்கள். கூறின் விலை மாறாது. ஏழு கத்தரிக்காய் இருந்த இடத்தில் ஐந்து இருக்கும். காய் வாங்கினால் கூடவே விழும் கறிவேப்பிலைக் கொசுறு மழைக்காலத்தில் நின்றுபோகும். பெரிய பிஸ்கட் கம்பெனிகளும் ஐந்து ரூபாய் பாக்கெட்டின் விலையைத் தொடாமல் எடையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கின்றன.

சிறிதாக வாங்குகிறவர்கள் எப்போதுமே கூடுதலாகத்தான் கொடுக்கிறார்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை சிப்பமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. கொஞ்ச நாளிலேயே கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டைகள் வந்து இறங்கின. முழு மூட்டையை ஒரே தடவையில் வாங்க முடிந்த வீட்டுக்கு அந்த வரி இல்லை. ஐந்து கிலோ பை வாங்கும் வீட்டுக்கு உண்டு. பண்டத்தை மொத்தமாக வாங்கக் கையில் பணம் வேண்டும், அடுக்கி வைக்க வீட்டில் இடம் வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் அதே சோற்றுக்கு அதிக விலை தருகிறார்கள்.

விலைவாசியைப் பற்றிய நம் பேச்செல்லாம் ரூபாயைச் சுற்றியே நடக்கிறது. கையில் கூடுதல் ரூபாய் இல்லாத வீட்டுக்குள் விலை உயர்வு ரூபாயாக நுழைவதில்லை. சிறுத்துப்போன பொட்டலமாக நுழைகிறது. நீர்த்த குழம்பாக அடுப்பிலிருந்து இறங்குகிறது. அந்தக் குழம்பில் மேலே தெளிந்த நீர் மட்டும் ஏதோ ஒரு தட்டில் விழுகிறது. அது யாருடைய தட்டு என்பதைக் கேட்காமல் விலைவாசியைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது.

*

ஒரு குடும்பம் சாப்பாட்டுச் செலவைக் கண்ணை மூடிக்கொண்டு குறைப்பதில்லை. அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் போவது பழம். வாழைப்பழம் மட்டும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும்; ஆப்பிளும் மாதுளையும் காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகும்போது வாங்கும் பொருளாகிவிடும். அடுத்து ஞாயிற்றுக்கிழமை. ஆட்டுக்கறி கோழிக்கறியாகும், கோழிக்கறி முட்டைக்குழம்பாகும். அப்புறம் பால். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டின் சில்லறை விலை லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய்க்குத் தாவியபோது பல வீடுகள் விலை குறைந்த பச்சைக்கு இறங்கின, பச்சையில் இருந்தவை நீலத்துக்கு இறங்கின. பிறகு எண்ணெய். வறுவல் பொரியலாகும், பொரியல் கூட்டாகும், அப்பளம் பொரிக்காமல் தணலில் சுடப்படும். அதற்கும் பிறகு பருப்பு. சாம்பார் வாரத்தில் நான்கு நாளிலிருந்து இரண்டு நாளாகும்.

அரிசி மட்டும் குறையாது. மற்றவை குறையக் குறைய அரிசி கூடும். தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாத தட்டில் சோறுதான் மேடு கட்டி நிற்கும்.

இந்த இறக்கத்தை வீட்டில் யாருக்கும் வலிக்காமல் நடத்திக்கொடுப்பது ஒரு பெரும் அறிவு. சாம்பார் இல்லாத நாட்களைப் புளிக்குழம்பும் வத்தக்குழம்பும் மோர்க்குழம்பும் ரசமும் பங்கு போட்டுக்கொள்ளும். காய் விலை ஏறிவிட்டால், கோடையில் மொட்டை மாடியில் காய்ந்த கத்தரி வற்றலும் கொத்தவரை வற்றலும் சுண்டை வற்றலும் டப்பாவிலிருந்து இறங்கும். பக்கத்து வீட்டு முருங்கைமரம் தெருவுக்கே கீரை கொடுக்கும். நூறு கிராம் நெத்திலிக் கருவாடு நான்கு பேருக்குக் குழம்பாகும். ரேஷன் புழுங்கலரிசி இட்லி மாவுக்குப் போகும். காசு கொடுத்து வாங்கிய பொன்னி மதியச் சோற்றுக்கு நிற்கும். எந்தக் கடையில் எது இரண்டு ரூபாய் மலிவு, சந்தை கலையும் நேரம் எது, சிலிண்டர் இன்னும் எத்தனை நாள் வரும், ரேஷனில் பாமாயில் வந்துவிட்டதா, பெரியவனுக்கு எது இறங்காது, மாமியாருக்கு எது ஆகாது: இத்தனையும் ஒரே தலைக்குள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பெரும்பாலான வீடுகளில் அது ஒரு பெண்ணின் தலை.

இந்த அறிவை நான் மனதார மதிக்கிறேன். தமிழ்ச் சமையலின் பெரும் பகுதி பற்றாக்குறைக்குள்ளிருந்துதான் விளைந்தது என்றே நம்புகிறேன். ஆனால் இந்த அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. சாம்பாருக்குப் பதிலாக ரசம் வைக்கத் தெரிந்த கை, சாம்பாரில் இருந்த புரதத்தை ரசத்துக்குள் கொண்டுவர முடியாது. நாக்குக்குச் சமாதானம் சொல்லிவிடலாம், வயிற்றையும் நிரப்பிவிடலாம். ரத்தத்துக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

*

1857-இல் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்குகளைப் படித்துவிட்டு ஒரு முடிவைச் சொன்னார். குடும்பம் எவ்வளவு ஏழையோ, அதன் செலவில் அவ்வளவு பெரிய பங்கு உணவுக்குப் போகும். இன்றும் அந்த விதி நிற்கிறது. இந்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி கிராமப்புறக் குடும்பங்கள் தம் செலவில் சுமார் 46 சதவீதத்தையும் நகர்ப்புறக் குடும்பங்கள் சுமார் 39 சதவீதத்தையும் உணவுக்குக் கொடுத்தன. இது நாட்டின் சராசரி. சராசரிக்குக் கீழே போகப் போக அந்தப் பங்கு பெருகுகிறது. பருப்பு விலையில் வரும் ஓர் உயர்வு அடுக்குமாடி வீட்டில் செலவின் ஓர் ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பில் செலவின் நடுவில் வந்து உட்காருகிறது.

எங்கல் பார்த்த கணக்குப் புத்தகங்களில் ஏறாத ஒன்றும் இருக்கிறது. நம் குடும்பங்களின் மாதச் செலவில் பெரும்பாலானவை வளைந்து கொடுக்காதவை. வாடகையை வீட்டுக்காரர் வந்து கேட்பார். குழுக் கடன் தவணைக்கு வாரந்தோறும் வசூலிப்பவர் வருவார். பள்ளிக் கட்டணத்துக்குக் குழந்தையின் கையில் துண்டுச்சீட்டு வரும். நகைக்கடனுக்கு வட்டி கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். கைபேசிக்கு ரீசார்ஜ் செய்யாவிட்டால் வேலைக்குக் கூப்பிடும் அழைப்பு வராது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார். வயிற்றுக்காக வாசலில் வந்து நின்று கேட்க யாரும் இல்லை. அதனால் மாதத்தில் எந்தச் செலவு எதிர்பாராமல் ஏறினாலும், அந்தப் பணம் கடைசியில் சமையலறையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பேருந்துக் கட்டணம் ஏறினாலும் குழம்பு நீர்க்கும். மருந்துச் செலவு வந்தாலும் குழம்பு நீர்க்கும். கைப்பிடி கைப்பிடியாகக் குறைக்க முடிகிற ஒரே செலவு சாப்பாடுதான்.

*

பருப்பின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பசுமைப் புரட்சி நெல்லுக்கும் கோதுமைக்கும் தண்ணீரையும் விதையையும் உறுதியான கொள்முதலையும் தந்தது. துவரை பெரும்பாலும் வானம் பார்த்த நிலத்திலேயே நின்றுவிட்டது. ஜூன், ஜூலையில் விதைத்தால் அறுவடைக்குக் குளிர்காலம் ஆகும். ஆண்டுக்கு ஒரு போகம். கலபுரகியிலும் மராத்வாடாவிலும் மழை ஏமாற்றினால் மறு ஆண்டு வரை மதுரையில் பருப்பு விலை இறங்காது. 2015-இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் கப்பலில் பருப்பு வந்தது, இன்றும் வருகிறது. 2023-லும் 2024-லும் விலை மீண்டும் ஏறி, நீண்ட மாதங்கள் இறங்காமல் நின்றது.

விலையிலிருந்து சோற்றைக் காப்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. அரிசியை மையமாக வைத்து இந்த மாநிலம் ஓர் அரசியலையே கட்டியது. 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தந்தார். 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. ரேஷன் அரிசி 2006-இல் கிலோ 2 ரூபாயானது, 2008-இல் 1 ரூபாயானது, 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. ஏழை யார் என்று பட்டியல் போட்டு மற்றவர்களை வெளியே தள்ளும் முறையைப் பல மாநிலங்கள் ஏற்றபோது, இங்கே ரேஷன் கடையின் கதவு எல்லோருக்குமாகத் திறந்தே இருந்தது. 2007-இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்து துவரம்பருப்பையும் உளுந்தையும் பாமாயிலையும் கடைக்குள் கொண்டுவந்தது. உளுந்து பிற்பாடு நின்றுபோனது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தொடர்ந்தன. வெளிச்சந்தையில் பருப்பு 180 ரூபாய் விற்ற காலத்தில் 30 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு கிலோ எத்தனை வீடுகளைக் காப்பாற்றியது என்பது வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். 2024 மே மாதப் பருப்பும் பாமாயிலும் வந்துசேரத் தாமதமாகி, ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவிக்க நேர்ந்தபோது, "பருப்பு வந்திருச்சாக்கா?" என்ற கேள்வி தெருத்தெருவாகப் போனது.

ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, இரண்டாயிரம் கலோரி உண்ணும் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 250 கிராம் தானியமும், பருப்பு, முட்டை, இறைச்சி வகைகளாக 85 கிராமும் தேவை என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 30 கிலோ தானியம் வேண்டும். ரேஷனில் 20 கிலோ அரிசி கிடைக்கிறது. தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. அதே வீட்டுக்குப் பருப்பும் முட்டையும் இறைச்சியுமாக மாதம் 10 கிலோவுக்கு மேல் வேண்டும். ரேஷனில் ஓர் அட்டைக்கு ஒரு கிலோ பருப்பு. தேவையில் பத்தில் ஒரு பங்கு. அரிசி ஆளுக்கு ஏற்ப ஓரளவு கூடுகிறது. வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் பருப்பு ஒரு கிலோதான்.

பசியை விரட்டுவதற்காகக் கட்டப்பட்ட அமைப்பு இது. பசியை அது விரட்டியும் விட்டது. அரிசிச் சோற்றுக்கு வழியில்லாமல் உலை வைக்காத வீடு இன்று இங்கே அரிது. மிச்சம் இருப்பது வேறொரு பசி. வயிறு நிறைந்தபிறகும் உடம்பில் தங்கிவிடும் பசி அது. வெளிச்சந்தையில் விலை ஏறும்போதெல்லாம் அந்தப் பசிதான் கூடுகிறது. ஏனென்றால் அரிசியின் விலையிலிருந்து நம்மைக் காக்கும் சுவர், பருப்புக்கும் முட்டைக்கும் காய்க்கும் முழங்கால் உயரமே இருக்கிறது.

*

விலை ஏறிவிட்டது என்று நாம் சொல்லும்போது அந்தப் பணம் விளைவித்தவர் கைக்குப் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அதற்குமுன் விலை விழுந்துகிடந்ததால் விவசாயிகள் பலர் தக்காளி போடுவதைக் குறைத்திருந்தார்கள். போட்டவர்களின் வயலை வெயிலும் இலைச்சுருட்டை நோயும் தாக்கின. பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் ஒட்டன்சத்திரத்திலும் தக்காளி போடுகிறவர்களுக்கு இது பழகிய சுழற்சி. விலை விழும் பருவத்தில் பறிப்புக் கூலிகூடத் தேறாது. பெட்டி பெட்டியாகச் சாலையோரம் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த பருவத்தில் பரப்பு சுருங்கும், நகரத்தில் விலை எகிறும். எகிறிய விலையைப் பார்த்து எல்லோரும் நடுவார்கள், மறுபடி விழும்.

வெங்காயத்திலும் இதுதான். விலை ஏறினால் டெல்லி ஏற்றுமதி வரி போடும், ஏற்றுமதியையே நிறுத்தும். 2023 ஆகஸ்டில் 40 சதவீத வரி, டிசம்பரில் தடை. நாசிக் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கவிருந்த மாதம் பறிபோனது. விலை விழும் மாதத்தில் அவரைத் தாங்கிப்பிடிக்க இதே வேகத்தில் யாரும் ஓடிவருவதில்லை. நகரத்துச் சமையலறையின் நெருக்கடியை வயலின் மீது இறக்கிவைப்பதே நம் விலைக் கட்டுப்பாட்டின் பழைய வழி. அந்த வயலுக்குப் பின்னாலும் ஒரு சமையலறை இருக்கிறது. தக்காளி விளைவிக்கும் வீட்டிலும் பருப்பையும் எண்ணெயையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.

எண்ணெய்க்கு இந்தச் சங்கிலி இன்னும் நீளம். நாட்டில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் எட்டாத விலைக்குப் போனது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்களுக்கு நிறுத்தியது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு இறக்குமதித் தீர்வையைக் கூட்டியது, 2025 மே இறுதியில் கொஞ்சம் குறைத்தது. அதே 2025-இல் தேங்காயெண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டி, நாகர்கோவில் பக்கத்துச் சமையலையே ஆட்டிப்பார்த்தது. எரிவாயுவும் சேர்ந்துகொள்கிறது. 2023 மார்ச்சில் சென்னையில் வீட்டு சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசைத் தொட்டது. அந்த ஆகஸ்டில் 200 ரூபாயும் 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தன. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் கூடியது. சிலிண்டர் விலை ஏறினால் மொச்சையும் கொண்டைக்கடலையும் அடுப்பேறுவது குறைகிறது. அவை வேக அதிக நேரமாகும். மலிவான புரதமும் இப்படி எரிவாயு வழியாகக் கை நழுவுகிறது.

*

இவ்வளவும் எங்கே போய்ச் சேர்கின்றன? பரிமாறும் வரிசையில் போய்ச் சேர்கின்றன.

வேலைக்குப் போகிற ஆணுக்கு முதல் தட்டு. அடுத்து பிள்ளைகளுக்கு, வயதானவர்களுக்கு. எல்லோரும் எழுந்தபிறகு சமைத்தவர் உட்காருகிறார். அப்போது சோறு இருக்கும். குழம்பில் பருப்பு அடியோடு போயிருக்கும், காய் தீர்ந்திருக்கும். முட்டை தலைக்கு ஒன்று என்று எண்ணி வேகவைத்ததாக இருந்தால், அந்த எண்ணிக்கையில் அவர் தன்னைச் சேர்த்திருக்க மாட்டார். "எனக்கு முட்டை பிடிக்காது" என்று அவர் சொல்வார். வீட்டில் அதை எல்லோரும் நம்புவார்கள். மதியம் தனியாக இருக்கும்போது சோற்றில் மோரை ஊற்றி ஓர் ஊறுகாய்த் துண்டோடு முடித்துக்கொள்வார். மாலைப் பசியை ஒரு டம்ளர் டீ தள்ளிப்போடும். சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் டீ, சாப்பாட்டில் உள்ள கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் பாதிக்கு மேற்பட்ட பெண்களின் ரத்தம் வெளுத்திருக்கும் ஒரு மாநிலத்தில், அரிசி இலவசமாகவும் மற்ற எல்லாம் விலை ஏறியும் கிடைக்கும் ஒரு காலத்தில், யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்ற கேள்வியை மருத்துவமனைக்கு மட்டும் அனுப்பிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது.

நாம் இதைச் சிக்கனம் என்று புகழ்கிறோம். "எங்கம்மா இருக்கிறதை வச்சுக் குடும்பத்தை ஓட்டுனா" என்று பெருமையோடு சொல்கிறோம். திரைப்படங்களும் மேடைகளும் கதைகளும் அந்தத் தாயைக் கும்பிட்டிருக்கின்றன. கும்பிடுவதில் ஆபத்து இருக்கிறது. தன் பங்கைக் குறைத்துக்கொண்டவர் தெய்வமாகிவிட்டால் அந்தக் குறைவு அநீதியாகத் தெரியாது. விலைவாசி உயர்ந்தபோதும் குடும்பங்கள் சமாளித்துவிட்டன என்று நிபுணர்கள் எழுதும்போது, அந்தச் சமாளிப்பு ஓர் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் மறைந்துபோகும். வீட்டின் சேமிப்பு என்று நாம் எண்ணுவதில் ஒரு பகுதி, ஒருவர் சாப்பிடாமல் விட்ட சாப்பாடு.

இந்த மாநிலம் ஒரு தட்டை மட்டும் கையில் எடுத்துக் காட்டியிருக்கிறது. 1956-இல் காமராஜர் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2010 முதல் வாரம் ஐந்து முட்டை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. வெளியே முட்டை விலை என்னவானாலும் சத்துணவுக் கூடத்தில் பிள்ளையின் தட்டில் முட்டை விழுகிறது. வீட்டின் பரிமாறும் வரிசைக்கு வெளியே, விலையின் கைக்கு எட்டாத இடத்தில் அந்தத் தட்டு வைக்கப்பட்டிருக்கிறது. இதுதான் இந்தத் திட்டங்களின் உண்மையான மேன்மை என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் பணமாகவோ பண்டமாகவோ கொடுக்கும்போது வீட்டின் அதிகார வரிசைக்குள் அது கரைகிறது. தட்டாகக் கொடுக்கும்போது உரியவரின் வயிற்றுக்குப் போகிறது.

தாய்க்கு அப்படியொரு தட்டு இல்லை. கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் அங்கன்வாடி அவரைக் கவனிக்கிறது. குழந்தையின் பொருட்டுக் கிடைக்கும் கவனம் அது; குழந்தை வளர்ந்ததும் நின்றுவிடுகிறது. 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையாக வரத் தொடங்கியது. அவர்கள் பெயரிலேயே வருவது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பணத்தில் அவர் முதலில் கட்டுவது சிலிண்டர், பிள்ளையின் நோட்டுப் புத்தகம், குழுத் தவணை. தனக்கென்று ஒரு டஜன் முட்டை வாங்கிவந்து தானே சாப்பிட்டுவிடும் பெண்ணை நம் சமூகம் இன்னும் பழக்கப்படுத்திக்கொள்ளவில்லை.

*

ஆகவே இரண்டு இடங்களில் வேலை இருக்கிறது. ஒன்று ரேஷன் கடையில். பருப்பை அட்டைக்கு ஒரு கிலோ என்ற கணக்கிலிருந்து விடுவித்து ஆளுக்கு இவ்வளவு என்று ஆக்க வேண்டும். நின்றுபோன உளுந்து திரும்ப வேண்டும். பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் உள்ளூர்த் தட்டைப்பயறும் சேர வேண்டும். 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். பகுதிக்கு ஏற்பப் பண்டத்தை மாற்ற ரேஷன் கடையால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லை வைத்திருக்கும் மாநிலத்துக்கு முட்டையைக் கடைக்குள் கொண்டுவருவது நினைத்துப்பார்க்க முடியாத காரியம் இல்லை. நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம் வைத்தது போலத் துவரைக்கும் உளுந்துக்கும் உறுதியான விலையில் கொள்முதல் நடந்தால், மலிவு என்பது உழவரிடமிருந்து பறிக்கப்பட்டதாக இருக்காது. இதற்குப் பணம் செலவாகும். 1982-இல் சத்துணவுக்கும் பணம் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

இன்னொரு வேலை வீட்டுக்குள். அதற்குச் சட்டமும் நிதியும் வேண்டாம். குழம்பு நீர்த்த நாளில் அந்த நீர்மை எல்லோருக்கும் சமமாக விழட்டும். இருக்கும் முட்டைகளை எண்ணும்போது சமைப்பவரையும் சேர்த்து எண்ணுவோம். நான்கு பேருக்கு மூன்றுதான் என்றால் மூன்றையும் உடைத்து நான்காகப் பிரிப்போம். ஆண்களும் பிள்ளைகளும் தாமே போட்டுக்கொண்டு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒன்றாக உட்காரும் வீட்டில் பாத்திரத்தின் அடி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பற்றாக்குறை ஒருவரின் ரகசியமாக இருக்காது. ஒருவரின் ரகசியமாக இல்லாத பற்றாக்குறைதான் வெளியே வந்து கேள்வியாக மாறும். மளிகைக் கடையில், ரேஷன் கடையில், ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படும்.

விலைவாசிக் குறியீடு மாதந்தோறும் வெளிவரும். அது ஏறியதா இறங்கியதா என்று தொலைக்காட்சியில் விவாதிப்பார்கள். ஒரு சராசரிக் குடும்பத்தின் சராசரிக் கூடையை வைத்து அது அளக்கப்படுகிறது, அளக்கட்டும். கூடை சமையலறைக்குள் போனபிறகு என்ன ஆனது என்பதையும் அளக்க ஒரு நாட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பருப்பு கிலோ எவ்வளவு என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், அது வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருபவர் வரை வந்ததா என்றும் சேர்த்துக் கேட்போம். அவர் தட்டிலும் பருப்பு விழும் அன்றுதான் இந்த மாநிலம் பசியை வென்றதாகச் சொல்லிக்கொள்ள முடியும்.